செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் சில சமயம் கார் ஸ்டார்ட் ஆவதில்லை: காரணத்தைப் பிடிப்பது எப்படி?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் முதல் திருப்பிலேயே கிளம்பிவிடுகிறது. அப்புறம் பல நாட்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் கண்முன்னால் ஒருமுறைகூட அடம்பிடிப்பதில்லை. "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது" என்று அவர் சொல்வதிலும் பொய்யில்லை.

இந்தப் பழுதோடு நான் நெடுநாள் அலைந்தேன். ஸ்பார்க் பிளக் மாறியது, காயில் மாறியது, பேட்டரி மாறியது. பழுது அப்படியே இருந்தது. கடைசியில் காரணம், டாங்கின் மேலே ஃபியூயல் பம்ப்புக்கு மின்சாரம் போகும் கனெக்டரில் கருகிப்போன ஒரு பின். வண்டி கிளம்ப மறுத்து நின்றுகொண்டிருந்தபோதே அந்த இடத்தில் வோல்ட் அளந்ததால்தான் அது தெரியவந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். விட்டுவிட்டு வரும் பழுதை, அது இருக்கும் நேரத்தில் சோதித்தால்தான் பிடிக்க முடியும். வண்டி நன்றாக ஓடும்போது எடுக்கும் அளவுகள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். எனவே நல்ல நாளிலேயே தயாராகிக்கொண்டு, பழுது வரும் அந்தச் சில நிமிடங்களைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டீசலுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற ஒயர்கள் எதையும் தொடாதீர்கள், அதில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது.

1. இது எந்த வகைப் பழுது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் ஐந்து வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று காதால் கேட்டே சொல்லிவிடலாம்.

"டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, அல்லது சத்தமே இல்லை: இது பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது: முதலில் பேட்டரியையும் எர்த் ஒயரையும் பாருங்கள். வோல்ட் அதிகம் இறங்கினால் செல்ஃப் சுற்றும், ஆனால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேலை செய்யாது. பேட்டரி மேல் யாருக்கும் சந்தேகமே வராமல் போவது இந்த நிலையில்தான்.

வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக "விர்ர்" என்று சுற்றுகிறது: உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருந்தாலோ செயின் தாண்டியிருந்தாலோ இன்ஜினில் கம்ப்ரஷன் இல்லாமல் இப்படிச் சுற்றும். மேலும் சுற்றினால் வால்வுகள் வளையலாம்.

ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்றுவிடுகிறது: இமொபிலைசராக (திருட்டைத் தடுக்கும் பூட்டு) இருக்க வாய்ப்பு அதிகம். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்றால் பல கார்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும். வேறு சில கார்கள் ஸ்டார்ட் ஆகவே விடாது.

வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. தயாராக வைத்திருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். ஓபிடி-2 சாக்கெட்டில் (இசியூவோடு பேசுவதற்கான இணைப்பு) சொருகி போனோடு ப்ளூடூத்தில் இணையும் சிறிய ஸ்கேனர். ஸ்பார்க் டெஸ்டர். ஃபியூயல் பம்ப் ரிலேக்குப் (பம்ப்புக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) பொருந்தும் இன்னொரு ரிலே. டார்ச். இரண்டாவது சாவி. இவ்வளவு போதும். எல்லாம் சேர்த்தாலும் தேவையில்லாமல் மாற்றும் ஒரு ஃபியூயல் பம்ப்பின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் ஆகும்.

ஸ்கேனர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோட் (இசியூ பதிந்து வைக்கும் பழுது எண்) மட்டும் படித்துக் காட்டுவது போதாது. ஓடும் நிலையில் ஆர்பிஎம், கூலன்ட் வெப்பநிலை, பேட்டரி வோல்ட் ஆகியவற்றையும் காட்ட வேண்டும். நமக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான்.

அடுத்து, உங்கள் கார் மாடலின் ஃபியூஸ் பெட்டிப் படத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். ஃபியூயல் பம்ப் ரிலே, இன்ஜின் மெயின் ரிலே, கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்வது), டாங்கின் மேல் மூடி ஆகிய நான்கும் எங்கே இருக்கின்றன என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

3. நல்ல நாளில் எடுத்து வைக்க வேண்டிய அளவுகள்

அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். இதைச் செய்யாமல் விட்டால், பழுது வரும் நாளில் நீங்கள் பார்க்கும் எதுவும் இயல்பா இல்லையா என்று சொல்லத் தெரியாது.

இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். அப்புறம் வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மிதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

அதே நேரம் ஸ்கேனரில் ஆர்பிஎம் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்ஃப் சுற்றும்போது பொதுவாக 150 முதல் 300 வரை வரும். இந்த எண்தான் பின்னால் பெரிய சாட்சி.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காதை வையுங்கள். பல கார்களில் சுமார் இரண்டு நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்கும். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள். சில கார்களில் டிரைவர் கதவைத் திறந்ததுமே பம்ப் ஓடும். இன்னும் சிலவற்றில் செல்ஃப் சுற்றினால்தான் ஓடும். உங்கள் காரின் வழக்கம் எது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தச் சோதனை.

இமொபிலைசர் விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது என்றும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் அதிகமென்றால் கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பி இசியூ பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தெளித்தால், ஸ்டார்ட் ஆவதில்தான் முதலில் சிக்கல் வரும்.

4. எப்போது மறுக்கிறது என்று எழுதி வையுங்கள்

இதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் நேரம், இன்ஜின் சூடா குளிரா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று, டாங்கில் எவ்வளவு பெட்ரோல், மழையா வெயிலா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது, கிளம்பும் முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான்கைந்து பதிவு சேர்ந்தாலே ஒரு வழக்கம் தெரிய ஆரம்பிக்கும்.

நன்றாக ஓடிச் சூடான பிறகு, பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது மட்டும் மறுத்து, ஆறியதும் கிளம்பினால், கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். இன்ஜினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டமும் காற்றும் நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் வெப்பம் உடனே குறையாமல் கொஞ்ச நேரம் ஏறும். அந்த நேரத்தில்தான் சென்சாருக்குள் இருக்கும் நுண்ணிய வெடிப்பு விரிந்து தொடர்பு அறுகிறது. வெயிலில் நின்று காருக்குள் வெப்பம் ஏறியபிறகு மறுத்தால் ரிலேயைப் பாருங்கள். 1990களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் ஈயப்பற்று வெடித்து, வெயில் நேரத்தில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் போவது மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த பழுது.

இரவு முழுதும் நின்ற பிறகு நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கிறது, ஒருமுறை கிளம்பிவிட்டால் அன்று முழுதும் தொந்தரவில்லை என்றால், லைனில் பெட்ரோல் அழுத்தம் தங்கவில்லை. பம்ப்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு கசியலாம், இன்ஜெக்டர் கசியலாம். இதற்குச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. சாவியை ஆன் செய்து மூன்று நொடி காத்திருந்து ஆஃப் செய்யுங்கள். இதை மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்தால் சந்தேகம் உறுதியாகிறது.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் அடம்பிடித்தால் பர்ஜ் வால்வு. டாங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் சின்ன வால்வு இது. மூடாமல் திறந்தே நின்றுவிட்டால், டாங்கை நிரப்பும்போது கிளம்பும் ஆவி முழுவதும் இன்ஜினுக்குள் போய் மூச்சடைக்கும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு சுற்றினால் பிடிக்கிறதா என்று பாருங்கள். வால்வைக் கழற்றி, மின்இணைப்பு இல்லாமல் ஊதினால் காற்று போகக் கூடாது. பம்ப்பை மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டியை நான்கடி நகர்த்தி, உடனே ஆஃப் செய்கிறீர்களா? அதன்பிறகு கிளம்பவில்லை என்றால் பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்திருக்கும். இது பழுதே இல்லை.

மழையிலும் ஈரத்திலும் மட்டும் என்றால் காயில், பிளக் ஒயர், கனெக்டர். டாங்க் கால்வாசிக்குக் கீழே போனாலோ சரிவில் நிறுத்தினாலோ மட்டும் என்றால் பம்ப், அல்லது தவறாகக் காட்டும் பெட்ரோல் முள்.

இன்னொரு அடையாளம் உண்டு, இதை யாரும் எளிதில் சொல்லித் தருவதில்லை. செல்ஃப் சுற்றும்வரை பிடிக்காமல், சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் இன்ஜின் பிடிக்கிறது என்றால், இக்னிஷன் சுவிட்ச்சைப் பாருங்கள். ஸ்டார்ட் நிலையில் இன்ஜினுக்குப் போக வேண்டிய மின்சாரத்தை அது தராமல் இருக்கலாம். சோர்ந்த பேட்டரியும் இப்படிச் செய்யும். ஆகவே முதலில் பேட்டரியை அளந்துவிட்டு சுவிட்ச்சுக்குப் போங்கள்.

5. வண்டி மறுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை

திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு திருப்பிலும் பேட்டரி இறங்கும், பிளக் நனையும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகும். எல்லாவற்றையும்விட, வண்டி தற்செயலாகக் கிளம்பிவிட்டால் சோதிக்கும் வாய்ப்பே போய்விடும்.

இன்னொரு விதி: தொடுவதற்கு முன் பாருங்கள். ரிலேயைப் பிடுங்கிச் சொருகினாலே கெட்ட தொடர்பு சரியாகிவிடலாம். அப்புறம் எது சரியானது என்று தெரியாது. அதனால் பார்ப்பது, கேட்பது, முகர்வது முதலில். கை வைப்பது கடைசியில்.

வண்டி பாதுகாப்பான இடத்தில் நிற்கட்டும். கைபிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வையுங்கள். பக்கத்தில் நெருப்போ புகைப்பவரோ இருக்கக் கூடாது. பிறகு இந்த வரிசையில் போங்கள்:

அ. சாவியை ஆன் செய்து டேஷ்போர்டைப் பாருங்கள். இமொபிலைசர் விளக்கு அணையாமல் மின்னினால் இரண்டாவது சாவியால் முயலுங்கள். வளையத்தில் கூடவே வேறு சிப் சாவிகள் இருந்தால் தனியாக எடுத்துவிடுங்கள். செக் இன்ஜின் விளக்கு இப்போது எரிய வேண்டும். அது எரியவே இல்லை என்றால் இசியூவுக்கு மின்சாரம் போகவில்லை. மெயின் ரிலேயும் அதன் ஃபியூஸும்தான் அடுத்த நிறுத்தம்.

ஆ. பம்ப் சத்தம் கேட்கிறதா? நல்ல நாளில் கேட்ட அதே சத்தமா?

இ. ஸ்கேனரை இணைத்துவிட்டு ஐந்து நொடி மட்டும் செல்ஃப் சுற்றுங்கள். ஆர்பிஎம் எவ்வளவு? செல்ஃப் சுற்றும்போதே ஸ்கேனர் பூஜ்யம் காட்டினால், இன்ஜின் சுற்றுவது இசியூவுக்கே தெரியவில்லை. அப்படியானால் அது ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தெளிக்காது. கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோ என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். ஆனால் விலை குறைந்த சில ஸ்கேனர்கள் செல்ஃப் சுற்றும்போது தொடர்பை இழந்துவிடும். நல்ல நாளில் எண் வந்ததா என்று பார்த்து வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

ஈ. கோட் படித்து, திரையைப் படம் எடுங்கள். அழிக்காதீர்கள். பேட்டரியையும் கழற்றாதீர்கள், பல கார்களில் கோட்டும், அது பதிவான கணத்தின் அளவுகளும் அதோடு போய்விடும். பி0335, பி0336 கிராங்க் சென்சாரையும், பி0340 கேம் சென்சாரையும் சுட்டும். கோட் எதுவும் இல்லை என்பது பழுது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பம்ப் ஓடாமல் போனாலும் பல கார்களில் கோட் வராது.

உ. சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை பலமாக இருக்கிறதா? இருந்தால் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து நொடி சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இப்படி மிதித்தால் இசியூ பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். வாடையே இல்லை என்றால் பெட்ரோல் வரவில்லை என்ற பக்கம் சாயலாம்.

ஊ. இப்போது கை வைக்கலாம். பம்ப் சத்தம் இல்லாவிட்டால் ரிலேயை மாற்றிப் போடுங்கள். அதுவும் உதவாவிட்டால் டாங்கின் அடிப்பாகத்தை ரப்பர் சுத்தியலாலோ கை முட்டியாலோ தட்டச் சொல்லி, அதே நேரம் சாவியை ஆன் செய்யுங்கள். தட்டும்போது பம்ப் ஓடினால் பம்ப்பின் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது மேலே உள்ள கனெக்டர் தளர்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் பம்ப் வாங்காதீர்கள். செல்ஃப் சுற்றும்போது பம்ப் கனெக்டரில் பேட்டரியின் வோல்ட்டுக்கு நெருக்கமாக வந்தும் பம்ப் ஓடாவிட்டால் பம்ப் கெட்டது. வோல்ட் வராவிட்டால் ஒயரிங்கைப் பின்தொடருங்கள். முடிந்தால் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையைச் செருகி அளவிடுங்கள். கழற்றிவிட்டு அளந்தால், பளு இல்லாததால் கெட்ட ஒயர்கூட 12 வோல்ட் காட்டும்.

ஒவ்வொரு முறையும் செல்ஃப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள், செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகும்.

6. ஆர்பிஎம் வருகிறது, பம்ப்பும் ஓடுகிறது, அப்படியும் பிடிக்கவில்லை என்றால்

ஸ்பார்க் டெஸ்டரைப் பொருத்திச் சுற்றிப் பாருங்கள். பிளக் ஒயரைக் கையில் பிடித்தோ, பிளக்கை வெளியே எடுத்து இன்ஜின் மேல் வைத்தோ பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். இக்னிஷன் காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தரும், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும். காயிலையும் கெடுக்கும், ஆளுக்கும் ஆபத்து.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் மாடலின் சரியான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்பதால் மட்டும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள் இல்லை. தேய்ந்த பம்ப்பும் சத்தம் போடும், அடைத்த ஃபில்டருக்குப் பின்னாலும் பம்ப் ஓடும். நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார் என்றால் உயர் அழுத்தக் குழாய் எதையும் நீங்களே கழற்றாதீர்கள். அங்கே அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். ஸ்கேனரில் எண்ணைப் பார்த்தால் போதும்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அடித்ததும் ஒரு நொடி பிடித்து நின்றால் ஸ்பார்க் உண்டு, பெட்ரோல் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தீப்பிடிக்கும் அபாயத்தோடு கிடைக்கும் அதே தகவலை அழுத்தமானி பாதுகாப்பாகத் தரும்.

7. கிராங்க் சென்சாரை மாற்றும் முன்

இரண்டு ஒயர் உள்ள சென்சார் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. அதன் ஓம் அளவை மல்டிமீட்டரில் பார்க்கலாம். குளிரில் ஒரு அளவு, வண்டி மறுக்கும் சூட்டில் ஒரு அளவு எடுங்கள். சூட்டில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. தொடர்பே அற்றுப்போனதாகக் காட்டினால் சென்சார் போய்விட்டது. மூன்று ஒயர் உள்ளது பெரும்பாலும் ஹால் வகை. அதை ஓம் வைத்து அளக்கக் கூடாது, அளப்பதால் பயனும் இல்லை. அதற்கு ஸ்கேனரின் ஆர்பிஎம்மே சாட்சி.

சென்சாரில் குறை இல்லாமல் அதன் கனெக்டரில் ஆயில் இறங்கியிருப்பதும், ஒயர் சைலன்சர் சூட்டில் உருகியிருப்பதும் நிறைய நடக்கும். வண்டி ஐடிலில் ஓடும்போது அந்த ஒயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். சுற்றும் பெல்ட், ஃபேன் ஆகியவற்றிலிருந்து கையும் சட்டையும் தள்ளி இருக்கட்டும். அசைக்கும்போது இன்ஜின் நின்றால் இடம் கிடைத்துவிட்டது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் இந்தச் சென்சாரில் மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள். அசல் பாகமோ, கார் நிறுவனத்துக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளரின் பாகமோ வாங்குங்கள். மலிவான சென்சார் சில மாதத்தில் சூட்டில் மறுபடி மறுத்தால், "சென்சார்தான் மாற்றியாயிற்றே" என்று நினைத்து வேறு எங்கேயோ தேடத் தொடங்குவீர்கள்.

8. எர்த் சரியாக இருக்கிறதா

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையைத் துருவில்லாத இன்ஜின் உலோகத்திலும் வைத்து, செல்ஃப் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த் ஒயரோ அதன் போல்ட்டோ கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி அளவிடுங்கள். பெரும்பாலும் பாகம் வாங்கும் செலவே இருக்காது.

9. டீசல் கார் என்றால்

சைலன்சரைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. குளிர்ந்த இன்ஜினில் மட்டும் இப்படி என்றால் ஹீட்டர் பிளக்கும் (ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றுவது) அதன் ரிலேயும். நல்ல ஹீட்டர் பிளக் பொதுவாக இரண்டு ஓமுக்குள் காட்டும். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை.

காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயான ரெயிலிலிருந்து டீசல் போகும் வகை) ரெயில் அழுத்தம் ஒரு அளவுக்கு ஏறினால்தான் இசியூ இன்ஜெக்டரைத் திறக்கும். அது இன்ஜினைப் பொறுத்து பெரும்பாலும் 150 முதல் 300 பார் வரை இருக்கும். சுற்றும்போது ஸ்கேனரில் அந்த எண்ணைப் பாருங்கள். சூட்டில் மட்டும் ஏறாமல் நின்றால், தேய்ந்த இன்ஜெக்டர்கள் டீசலை ரிட்டர்ன் லைனில் திருப்பி விடுகின்றன என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு திரும்புகிறது என்று பாட்டிலில் பிடித்து ஒப்பிடும் சோதனையை ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லுங்கள். டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கிய தொந்தரவு என்றால் லைனில் ஏர் பிடிக்கிறது.

உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் பழைய இன்ஜின்களோடு போகட்டும். காமன் ரெயிலில் அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் கூடவே கூடாது, இன்ஜினே வெடிக்கலாம்.

10. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது: காகிதம், பணம், நேரம்

கையில் கொண்டுபோக வேண்டியவை: உங்கள் பதிவுக் குறிப்பு, நல்ல நாள் அளவுகள், பழுது நேரத்து அளவுகள், கோட் திரையின் படம், டேஷ்போர்டும் சத்தமும் பதிவான ஒரு வீடியோ, இதுவரை மாற்றிய பாகங்களின் பில்கள், சர்வீஸ் புத்தகம், இரண்டு சாவிகளும். சாவி சம்பந்தப்பட்ட பழுது என்றால் வண்டி உங்களுடையது என்பதற்கான பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் கேட்பார்கள்.

போகும் முன் இரண்டைச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று, வாரண்டி இன்னும் இருக்கிறதா. இரண்டு, உங்கள் வண்டியின் 17 எழுத்து விஐஎன் (வண்டி அடையாள) எண்ணை வைத்து, அந்த மாடலுக்கு ரீகால் (குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா. ஃபியூயல் பம்ப்புக்காகப் பல நிறுவனங்கள் ரீகால் அறிவித்திருக்கின்றன. ரீகாலில் வந்தால் பொதுவாக வேலை இலவசம்.

வண்டி மறுத்து நிற்கும்போதே டோ செய்து கொண்டுபோக முடிந்தால் அதுதான் சிறந்த வழி. காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு தூரம்வரை இலவசம் என்று இன்றே பார்த்து வையுங்கள். ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால், வண்டியை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு வரத் தயாராகப் போங்கள். குளிரில் வரும் பழுது என்றால் இரவு முழுதும் அங்கே நிற்க வேண்டும், காலையில் மெக்கானிக்கே முதல் ஸ்டார்ட் போட வேண்டும். சூட்டில் வரும் பழுது என்றால் எவ்வளவு ஓட்டி, எவ்வளவு நேரம் நிறுத்தி எடுத்தால் மறுக்கிறது என்று உங்கள் குறிப்பிலிருந்து சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பழுது கண்டுபிடிக்கும் கட்டணத்தையும் சரிசெய்யும் கட்டணத்தையும் தனித்தனியாகப் பேசுங்கள். கண்டுபிடிப்பதற்குப் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள், இந்தப் பழுதில் நேரம் முழுவதும் அதற்குத்தான் போகிறது. அதற்குப் பணம் தராமல் போனால் "இதை மாற்றிப் பார்க்கலாம்" என்ற பாதையில்தான் வேலை போகும், ஒவ்வொரு "பார்க்கலாம்"-க்கும் நீங்கள்தான் பாகத்தின் விலை கொடுப்பீர்கள். எந்தப் பாகத்தை மாற்றும் முன்னும் "எந்தச் சோதனையில், என்ன அளவு வந்ததால் இதை மாற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், மீட்டரைத் திருப்பிக் காட்டுவார். உங்களைக் கேட்காமல் எவ்வளவு தொகைக்கு மேல் வேலை தொடங்கக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மின்சாரப் பாகங்களை ஒருமுறை வாங்கிப் பொருத்தினால் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பாகத்தால் பழுது போகவில்லை என்றால் பழையது பெரும்பாலும் நல்லதுதான், உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

11. சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்

கோடுகளை அழித்துவிட்டு, முன்பு எந்தச் சூழலில் மறுத்ததோ அதே சூழலை உருவாக்கிச் சோதியுங்கள். சூட்டில் மறுத்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. அதே தூரம் ஓட்டி, அதே நேரம் நிறுத்தி, பானெட்டைத் திறக்காமல் விட்டு எடுங்கள். மாதம் இரண்டுமுறை வந்த பழுது என்றால் ஒரு வாரம் வராமல் இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முன்பு இருந்த இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் கடக்கட்டும். அதுவரை மல்டிமீட்டர், ஸ்கேனர், ரிலே, குறிப்பேடு எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும், பில்லில் வேலைக்கான உத்தரவாதக் காலம் எதுவரை என்பதையும் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்குள் மறுபடி மறுத்தால், சாவியை இரண்டாம் முறை திருப்புவதற்கு முன் ஐந்தாம் பகுதியின் வரிசையை மறுபடி தொடங்குங்கள்.